பத்து சதவீதம் யாருடைய பணம்?



மாதம் 21,000 ரூபாய் வாங்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறேன். ஒரே அலுவலகம், அடுத்தடுத்த மேசை, ஒரே வேலை. ஒருவருக்கு அந்தப் பணம் சம்பளம். இன்னொருவர் மாதக் கடைசியில் ஓர் இன்வாய்ஸ் போட்டு அனுப்ப வேண்டும். அவருக்கு அது கன்சல்டன்சி ஃபீஸ். சம்பளக்காரருக்கு வருமான வரிப் பிடித்தம் ஒரு பைசா கிடையாது. இன்வாய்ஸ் அனுப்புகிறவருக்கு 2,100 ரூபாய் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 18,900 ரூபாயைத்தான் கணக்கில் போடுகிறார்கள். இருவரின் வருட வருமானமும் 2,52,000 ரூபாய். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. ஆக, இருவருமே அரசுக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் ஒருவரிடமிருந்து மட்டும் வருடத்துக்கு 25,200 ரூபாய், அவருடைய ஒரு மாத ஊதியத்துக்கும் மேலான தொகை, முன்கூட்டியே போய்விடுகிறது.

ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்களின் வரிச் சுமையைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். சுமை என்றதும் எல்லோரும் வரி விகிதத்தைத்தான் நினைக்கிறார்கள். ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிறிய வருமானக்காரர்களைப் பொறுத்தவரை விகிதம் பிரச்சினையே இல்லை. வரியே இல்லாத மனிதரிடமிருந்து பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறோம். அவரை எந்தப் பெயரில் கணக்கில் எழுதுவது என்ற முடிவை அவருக்குப் பணம் கொடுக்கிற நிறுவனத்திடமே விட்டிருக்கிறோம். இந்த இரண்டும்தான் சுமை.

பிரிவு எண்களை 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படியே சொல்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று வந்த 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு. உங்கள் ஆடிட்டருக்கும் அலுவலகத்துக்கும் வாயில் பழகியவை பழைய எண்கள்தான்.

சம்பளத்துக்கான பிடித்தம் 192-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அங்கே நிறுவனம் ஊழியரின் முழு வருட வருமானத்தையும் மதிப்பிட்டு, கழிவுகளையும் தள்ளுபடிகளையும் பார்த்து, வரி ஏதாவது வந்தால் மட்டுமே மாதாமாதம் பிடிக்கும். தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே பிரிவு அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. ஒரு நிறுவனம் ஒருவருக்கு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் கொடுத்தால் பத்து சதவீதம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வரம்பு 2025 ஏப்ரல் வரை 30,000 ஆக இருந்தது. வாங்குகிறவர் மாதம் ஐந்து லட்சம் சம்பாதிக்கும் வழக்கறிஞரா, 21,000 ரூபாயில் குடும்பம் நடத்தும் டிசைனரா என்பது அந்தப் பிரிவுக்குப் பொருட்டே இல்லை.

பிடித்த பணம் ரீஃபண்டாகத் திரும்பத்தான் போகிறது என்பார்கள். எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். வருடம் முடிய வேண்டும். நிறுவனம் கடைசிக் காலாண்டுக்கான டிடிஎஸ் விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு மே கடைசி வரை அவகாசம் இருக்கிறது. பிறகுதான் அவரிடம் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் முழுத் தொகையும் ஏறும். அதற்குப் பிறகு ரிட்டர்ன், பரிசீலனை, பணம். போன ஏப்ரலில் பிடித்த 2,100 ரூபாய் கைக்கு வந்து சேர ஒன்றேகால் வருடம் ஆவது சாதாரணம். ரீஃபண்டுக்கு அரசு வட்டி கொடுக்கிறது; மாதத்துக்கு அரை சதவீதம். அதுவும் வருடம் முடிந்த பிறகு, ஏப்ரல் 1-லிருந்துதான் ஓடும். வருடம் முழுக்கப் பிடித்து வைத்திருந்த காலத்துக்கு வட்டி கிடையாது. அதே மனிதர் அட்வான்ஸ் டேக்ஸ் கட்டத் தவறினால் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி கட்ட வேண்டும். ஒரே கடன், அதே இரு தரப்பு. அரசு வாங்கினால் அரை, குடிமகன் வாங்கினால் ஒன்று. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனால் அறுபது வயதுக்குக் குறைந்தவரிடம் வருடத்தில் 25,000 ரூபாயோ அதற்கு மேலோ டிடிஎஸ் பிடித்திருந்தால் ரிட்டர்ன் கட்டாயம். நாம் பார்த்த கன்சல்டன்ட்டிடம் பிடித்தது 25,200. அவர் அதிகம் சம்பாதித்ததால் அல்ல, அவரிடம் அதிகம் பிடித்ததால் அவர் தாக்கல் செய்தாக வேண்டியவர் ஆகிறார். பக்கத்து மேசைக்காரருக்கு அந்த வேலை இல்லை.

வங்கியில் வைப்புத்தொகை போட்டிருக்கும் உங்கள் அம்மாவையோ அத்தையையோ கேளுங்கள். வருடா வருடம் ஏப்ரலில் 15ஜி அல்லது 15எச் படிவம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். “என் வருமானத்துக்கு வரி வராது, பிடிக்காதீர்கள்” என்று தாமே கையெழுத்திட்டுச் சொல்லும் படிவம். வங்கி அதை ஏற்றுக்கொண்டு வட்டியை முழுசாகக் கொடுக்கிறது. அந்த வசதி உழைத்துச் சம்பாதிக்கும் கட்டணத்துக்கு இல்லை. 194ஜே-க்கும் இல்லை, ஒப்பந்தக்காரர்களுக்கான 194சி-க்கும் இல்லை. வழி என்று இருப்பது 197-ஆம் பிரிவு. படிவம் 13-ஐ இணையத்தில் நிரப்பி, பழைய ரிட்டர்ன்களைக் காட்டி, இந்த வருட மதிப்பீட்டையும் கொடுத்து, அதிகாரியிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழில் இந்த நிறுவனத்துக்கு என்று குறிப்பிட்டிருக்கும்; வேலை மாறினால் மறுபடியும் முதலிலிருந்து. பெரிய கட்டுமான ஒப்பந்தக்காரர்களுக்கு இது பழக்கமான வேலை. 21,000 ரூபாய்க்காரர்களில் இப்படி ஒன்று இருப்பதை அறிந்தவர்களையே நான் அரிதாகத்தான் பார்க்கிறேன்.

அடுத்து, பெயர் வைப்பது யார் என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஒரே வேலைக்கு மூன்று கதவுகள் உண்டு. சம்பளம் என்று எழுதினால் நாம் பார்த்தவருக்குப் பிடித்தம் பூஜ்யம். 194சி-யின் கீழ் ஒப்பந்த வேலை என்றால் தனிநபருக்கு ஒரு சதவீதம். 194ஜே என்றால் பத்து. அதே பிரிவில் தொழில்நுட்பச் சேவை என்று வகைப்படுத்தினால் இரண்டு. எந்தக் கதவு என்று தீர்மானிப்பது நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. அங்கே இருப்பவரின் நிலையையும் யோசியுங்கள். குறைவாகப் பிடித்தால் நிறுவனம் வட்டி கட்ட வேண்டும்; அந்தச் செலவில் முப்பது சதவீதம் வரிக் கணக்கில் தள்ளுபடியாகாமலும் போகலாம். அதிகமாகப் பிடித்தால் நிறுவனத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. அந்தத் தவற்றின் முழு விலையையும் கொடுப்பவர் பணம் வாங்குகிறவர். எனவே சந்தேகம் வந்தால் கை தானாகப் பத்து சதவீதத்துக்குப் போகிறது. அந்தக் கணக்காளரைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் அவரை அந்தப் பக்கமே தள்ளுகிறது.

நிறுவனத்துக்கு வேறொரு லாபமும் இருக்கிறது, அது பெரியது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், முதலாளி தன் பங்காக மாதம் 1,800 ரூபாய் பி.எஃப். கட்ட வேண்டும். சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அதில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 683 ரூபாய். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 2,500. இதற்கு மேல் பணிக்கொடை, ஊதியத்துடன் விடுப்பு, பெண்களுக்கு 26 வாரப் பிரசவ விடுப்பு. ஊழியர் என்ற சொல்லை அழித்துக் கன்சல்டன்ட் என்று எழுதிய நொடியில் இவ்வளவும் மறைந்துவிடுகிறது. நேர்காணலில் சொல்வார்கள்: “பி.எஃப். எல்லாம் பிடிக்க மாட்டோம், கையில் அதிகமாக வரும்.” அந்த வயதில் அது நல்ல செய்தியாகத்தான் காதில் விழும்.

அண்மையில் ஒரு பெண் தன் ஒப்பந்தத்தைக் கொண்டு வந்து காட்டினார். மூன்றாம் பக்கத்தில், இவர் தன் விருப்பப்படி வேலை நேரத்தை அமைத்துக்கொள்ளும் சுயாதீனத் தொழில்முறையாளர் என்று இருந்தது. ஐந்தாம் பக்கத்தில், காலை 9.30-க்குக் கைரேகை வைக்க வேண்டும், மாதத்தில் மூன்று முறை தாமதமானால் அரைநாள் கட்டணம் குறையும் என்று இருந்தது. லேப்டாப் நிறுவனத்துடையது, மின்னஞ்சல் முகவரி நிறுவனத்துடையது, லீவுக்கு மேலாளர் ஒப்புதல் வேண்டும். வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்று ஒரு ஷரத்தும் இருந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு இவரைச் சுயதொழில் செய்கிறவர் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி புதிதல்ல. சௌராஷ்டிரத்தில் தாரங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் குத்தகைக்கு எடுத்த உப்பளங்களில் அகரியா மக்கள் வேலை செய்தார்கள். பாத்தி பிரித்துக் கொடுப்பார்கள். விளைந்த உப்பின் எடைக்குத்தான் கூலி. குடும்பத்தோடு வேலை செய்வார்கள், தேவைப்பட்டால் தாங்களே ஆள் வைத்துக்கொள்வார்கள். வேலை நேரம் குறிக்கவில்லை, வருகைப் பதிவேடும் இல்லை. இவர்கள் தொழிலாளர் அல்ல, சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள் என்று நிறுவனம் வாதாடியது. 1950-களில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதில் நிறுவனத்துக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்று பார்த்து, அவர்கள் தொழிலாளர்களே என்றது. அது தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு, வரி வழக்கல்ல. ஆனாலும் அதன் தர்க்கம் நமக்கு வேண்டும். கைரேகை வைக்காத, தாமே ஆள் வைத்துக்கொள்ள முடிந்த உப்பளத்துக்காரரே தொழிலாளர் என்றால், 9.30-க்குக் கைரேகை வைப்பவர் யார்? வழக்குப் போட்டு நிரூபிக்கலாம். 21,000 ரூபாயில் வாழ்கிறவர் வழக்குப் போட மாட்டார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவரின் கணக்கு வேறு மாதிரி. அங்கே சுயதொழில் செய்கிறவர் ஊழியர் பங்கையும் முதலாளி பங்கையும் தானே கட்ட வேண்டும். சமூகப் பாதுகாப்புக்கு 12.4, மெடிகேருக்கு 2.9, மொத்தம் 15.3 சதவீதம். அங்கிருக்கும் நம் பிள்ளைகள் முதல் வருடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்துவிட்டு இந்தத் தொகையைக் கண்டு திகைப்பார்கள். உண்மையான சுமைதான். ஆனால் கட்டியது வயதான காலத்து ஓய்வூதியத்துக்கான கணக்கில் ஏறுகிறது. 1951-இலிருந்தே அங்கே சுயதொழிலாளர் அந்தத் திட்டத்துக்குள் இருக்கிறார்கள். இங்கே அப்படி ஒரு வரி இல்லை, ஓய்வூதியமும் இல்லை. புதிய வரி முறையில் ஓர் ஊழியரின் என்.பி.எஸ். ஓய்வூதியக் கணக்கில் முதலாளி போடும் தொகைக்கு, சம்பளத்தில் 14 சதவீதம் வரை வரிவிலக்கு உண்டு. அதே முறையில் சுயதொழில் செய்கிறவர் தன் பணத்தைத் தானே என்.பி.எஸ்-ஸில் போட்டால் விலக்கு இல்லை. அடல் பென்ஷன் திட்டத்திலும், 2022 அக்டோபர் முதல் வருமான வரி கட்டுகிறவர் சேர முடியாது. எந்தக் கதவைத் தட்டினாலும் வரி கட்டுகிற சுயதொழிலாளர் வெளியே நிற்கிறார்.

ஒப்பந்தக்காரர்கள் எல்லோருமே ஒடுக்கப்படுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. 2016-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 44ஏடிஏ பிரிவைக் கொண்டுவந்தது. மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம், சினிமாக் கலைஞர் என்று ஒரு பட்டியல். அதில் இருப்பவர் தன் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் வேண்டாம். உண்மையில் அதைவிட அதிகம் மிஞ்சினால் அதிகத்தைத்தான் காட்ட வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. வருடம் 24 லட்சம் வாங்கும் ஐ.டி. ஒப்பந்தக்காரர் 12 லட்சத்தைக் காட்டுகிறார். 2025-26-க்கான புதிய முறையில் அவருக்கு வரி பூஜ்யம். அதே 24 லட்சத்தைச் சம்பளமாக வாங்குகிறவர், 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, செஸ் உட்பட 2,92,500 ரூபாய் கட்டுகிறார். இது சலுகை, பெரிய சலுகை.

அந்தப் பட்டியலில் ஆசிரியர் இல்லை. பயிற்சி மையங்களில் மணிக்கணக்குக்குப் பாடம் எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒவ்வொரு செலவையும் பில் வைத்துக் காட்ட வேண்டும், நீளமான ஐடிஆர்-3 படிவம் நிரப்ப வேண்டும். வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினாலே அவர் கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். செலவெல்லாம் போக அவருக்கு 12,75,000 ரூபாய் நிற்கிறது என்றால் 74,100 ரூபாய் வரி வருகிறது. அதே 12,75,000 ரூபாயைச் சம்பளமாக வாங்கும் கல்லூரி ஆசிரியருக்கு, நிலையான கழிவு இருப்பதால், வரி பூஜ்யம். பாடம் எடுப்பதில் இருவருக்கும் என்ன வித்தியாசம்? சலுகை பட்டியலில் இருக்கும் மேல்தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கீழே இருப்பவருக்குப் பிடித்தமும் படிவமும் மட்டும் வந்து சேர்ந்தன.

ஜி.எஸ்.டி. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பெரும்பாலான தொழில்முறைச் சேவைக்கு 18 சதவீதம். வலிக்கிற இடம் விகிதம் அல்ல, தேதி. மார்ச்சில் 2 லட்சத்துக்கு இன்வாய்ஸ் போட்டால், மாதாந்திரக் கணக்கில் இருப்பவர் ஏப்ரல் 20-க்குள் 36,000 ரூபாய் வரி கட்ட வேண்டும். வாடிக்கையாளர் ஜூலையில்தான் பணம் தருவார். அதுவரை அந்த 36,000 உங்கள் சேமிப்பிலிருந்தோ மனைவியின் நகையிலிருந்தோ போகிறது. தாமதித்தால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி.

இங்கே கையோடு செய்யக்கூடியவை சில உண்டு. இன்வாய்ஸில் ஜி.எஸ்.டி-யைத் தனித் தொகையாகக் காட்டுங்கள். அப்படிக் காட்டினால் டிடிஎஸ் 2 லட்சத்தின் மேல்தான், 20,000 ரூபாய். 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. மொத்தமாக 2,36,000 என்று எழுதினால் 23,600 பிடித்துவிடுவார்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளுங்கள்; கட்டணம் கிடையாது. பதிந்த பிறகு, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் வாடிக்கையாளர் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அவர் வரிக் கணக்கில் கழிக்க முடியும். 43பி(எச்) என்ற அந்தப் பிரிவு 2023-24 நிதியாண்டு முதல் அமலில் இருக்கிறது. நிறுவனங்கள் இதற்கு மட்டும் உண்மையாகவே பயப்படுகின்றன.

26ஏஎஸ்-ஐக் காலாண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களிடம் பிடித்த பணத்தை நிறுவனம் அரசுக்குக் கட்டாமலே விட்டிருக்கலாம், அப்படி நடக்கிறது. அந்த நிலையில் 205-ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். பிடித்தது நிரூபணமானால் அந்தத் தொகையை உங்களிடம் மறுபடி கேட்க அரசுக்கு உரிமை இல்லை. நிரூபிக்க இன்வாய்ஸும், குறைத்து வந்த தொகையைக் காட்டும் வங்கிக் கணக்கும், பிடித்ததாகச் சொல்லும் மின்னஞ்சலும் உங்களிடம் இருக்க வேண்டும். மாதாமாதம் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது என்று எனக்கு ஒன்றுதான் முதலில் தோன்றுகிறது. 15ஜி போன்ற ஒரு சுய அறிவிப்பைத் தனிநபர்களின் தொழில்முறைக் கட்டணத்துக்கும் ஒப்பந்த வேலைக்கும் விரிவாக்க வேண்டும். “இந்த வருடம் எனக்கு வரி வராது” என்று பான் எண்ணோடு எழுதிக் கொடுத்தால் நிறுவனம் பிடிக்கக் கூடாது. தவறாகப் பயன்படுத்துவார்களே என்று அதிகாரிகள் சொல்லலாம். வங்கிகள் தாங்கள் பெறும் 15ஜி விவரங்களைக் காலாண்டுதோறும் வருமான வரித் துறைக்கு ஏற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. நிறுவனங்களும் அதையே செய்யட்டும். கட்டணம் கொடுத்த விவரம் எப்படியும் பான் எண்ணோடு துறைக்குப் போகிறது. பொய் சொன்னவரைக் கண்டுபிடிக்க அது போதும். வருவாய் குறையும் என்ற வாதமும் நிற்காது. அடுத்த வருடம் வட்டியோடு திருப்பித் தரப்போகும் பணம் அரசின் வருவாய் ஆகாது. அதை மாதம் 21,000 ரூபாயில் வாழ்கிறவரின் வீட்டு வாடகையிலிருந்து எடுத்து ஒன்றேகால் வருடம் வைத்திருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.